அட்டை நிறைய அந்துப்பூச்சி விழுகிறது, எலுமிச்சைக் கொழுந்து ஏன் இன்னும் சுருள்கிறது?

வணக்கம். இன்றைய முதல் கேள்வி தென்காசி மாவட்டம் புளியங்குடிப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன். "இரண்டு ஏக்கரில் எலுமிச்சை வைத்திருக்கிறேன். நட்டு இரண்டு வருடம் ஆகிறது. இலைத் துளைப்பானுக்காகப் பன்னிரண்டு இனக்கவர்ச்சிப் பொறிகள் கட்டினேன். அட்டை முழுக்கப் பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் புதுக்கொழுந்து சுருண்டுகொண்டேதான் இருக்கிறது. பொறி போலியா? இல்லை, இன்னும் பத்து வாங்கிக் கட்டவா? பழ ஈப் பொறியிலும் ஈ குவிகிறது. அதற்கு என்ன மருந்து அடிக்க வேண்டும்?"

ஐயா, வாங்காதீர்கள். பொறி போலி இல்லை. பூச்சி விழுகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது. அந்த வேலை என்ன என்பதை விற்றவர் உங்களிடம் சொல்லவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். தோட்டத்தில் மழைமானி வைத்திருக்கிறோம். எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று அது சொல்லும். பத்து மழைமானி வைத்தாலும் மழை நிற்காது. இலைத் துளைப்பானுக்கு வைக்கும் பொறியும் அப்படித்தான்.

பொறிக்குள் தொங்கும் அந்த ரப்பர் துண்டில், லூர் என்று கடையில் சொல்வார்களே, அதில் இருப்பது பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்க விடும் மணத்தின் நகல். அதனால் ஆண் மட்டும்தான் வந்து ஒட்டும். கொழுந்தில் முட்டை வைப்பது பெண். அது உங்கள் பொறியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தப்பிய சில ஆண்கள் போதும், இனம் பெருகிவிடும். அதோடு பக்கத்துத் தோட்டத்தில் இணைசேர்ந்துவிட்ட பெண் பறந்து வந்து உங்கள் கன்றில் முட்டை வைப்பதை எந்தப் பொறியும் தடுக்காது.

அப்படியானால் பொறி எதற்கு? பூச்சி எப்போது ஏறுகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள. இந்த அந்துப்பூச்சி மிகச் சிறியது, உடல் இரண்டு மில்லிமீட்டர்தான். வெள்ளி நிறச் சிறகு, சிறகு நுனியில் ஒரு கரும்புள்ளி. இரவிலும் விடியற்காலையிலும் நடமாடும். பகலில் தோட்டம் முழுக்க நடந்தாலும் கண்ணில் படாது. நாம் பார்ப்பதெல்லாம் அதன் புழு இலைக்குள் குடைந்து போட்ட, பாம்பு ஊர்ந்தது போன்ற வெள்ளிக் கோட்டைத்தான். அந்தக் கோடு முற்றிய இலையில் தெரிகிறது என்றால் புழு எப்போதோ கூண்டு கட்டி, அந்துப்பூச்சியாகிப் பறந்துவிட்டது. அந்த இலைக்கு மருந்து அடிப்பது வெறும் கூலிச் செலவு. அதைக் கிள்ளி எறிவதும் வீண், பச்சை இருக்கும் பகுதி இன்னும் மரத்துக்குச் சாப்பாடு போடுகிறது.

இந்தப் பூச்சிக்கு இளங்கொழுந்து மட்டும்தான் வேண்டும். இலை தடித்துவிட்டால் புழுவால் நுழைய முடியாது. ஆகவே நீங்கள் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பொறியில் எண்ணிக்கை ஏறுகிறதா, மரத்தில் கொழுந்து விட்டிருக்கிறதா. பொறி நிறைந்து கொழுந்தே இல்லை என்றால் கவலை வேண்டாம். எண்ணிக்கை ஏறும்போது கொழுந்தும் விரல் கணு அளவு வந்திருக்கிறது என்றால் அதுதான் உங்கள் நாள். அன்றே லென்ஸை எடுத்துக்கொண்டு போய், பத்து மரத்தில் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பனித்துளி போன்ற முட்டையோ நூல் அளவு கோடோ தெரிந்தால், ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு, அதாவது நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ வேப்பம்பருப்பு, மாலை நேரத்தில் இலையின் இரண்டு பக்கமும் நனையும்படி அடியுங்கள். கொழுந்து தொடர்ந்து விட்டால் ஒரு வாரம், பத்து நாளில் மறுபடியும் பார்க்க வேண்டும்.

உங்களுடையது இரண்டு வயதுக் கன்று என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். காய்ப்புக்கு வந்த பெரிய மரம் இந்தப் புழுவைத் தாங்கிக்கொள்ளும். கன்று தாங்காது. எலுமிச்சையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. புழு குடைந்த வழியாகச் சொறிநோய்ப் பாக்டீரியா உள்ளே போகும். எலுமிச்சை அந்த நோய்க்கு எளிதில் இரையாகும் பயிர். மழைக்காலக் கொழுந்தைக் காப்பாற்றச் சொல்வது இலைக்காக மட்டும் இல்லை, இதற்காகவும்தான்.

யூரியாவை அள்ளிப் போட்டு, தண்ணீரையும் விடாமல் பாய்ச்சினால் கொழுந்து ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். பூச்சிக்குத் தினமும் விருந்து. உரத்தைப் பிரித்துப் போடுங்கள், அடிமரத்தில் கிளம்பும் போத்துகளை எடுத்துவிடுங்கள். கொழுந்து எல்லா மரத்திலும் ஒரே சமயத்தில் வந்து ஒரே சமயத்தில் முற்றினால் பாதி வேலை முடிந்தது.

பொறி போலியா என்று கேட்டீர்கள். நியாயமான சந்தேகம்தான், ஏனென்றால் இந்தப் பூச்சியின் லூரில் ஒரு கதை இருக்கிறது. 1980களில் ஜப்பானில் ஒரே ஒரு வேதிப்பொருளுக்கு ஆண் பூச்சிகள் வந்து விழுந்தன. அதையே பிற நாடுகளில் கட்டிப் பார்த்தபோது பூச்சி வரவில்லை. 2006இல்தான் பிரேசிலிலும் கலிபோர்னியாவிலும் ஆய்வாளர்கள் இரண்டாவது பொருளைக் கண்டுபிடித்தார்கள். இரண்டும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்தபோது பொறி நிறைந்தது. பூச்சி ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான், ஆனால் ஊருக்கு ஊர் மணம் வேறு. அதனால் யார் எந்த லூரை வாங்கினாலும் முதலில் ஒன்றிரண்டு மட்டும் கட்டி ஒரு வாரம் பாருங்கள். கொழுந்தில் கோடு இருக்கிறது, பொறி காலியாக இருக்கிறது என்றால் அந்த லூர் உங்கள் தோட்டத்துக்கு ஆகாது. உங்களுக்கு விழுகிறது, ஆகவே பிரச்சினை அதில் இல்லை.

இப்போது பழ ஈ. அந்தப் பொறியில் இருப்பது மெத்தில் யூஜினால். அது பெண் ஈயின் மணம் இல்லை, செடியின் மணம். துளசியில்கூட இருக்கிறது, அதனால்தான் சிலர் துளசியைக் கசக்கிப் பொறியில் போடுகிறார்கள். பீகார் பூசாவில் இருந்த ஹவ்லெட் என்ற பூச்சியியல் அறிஞர்தான், சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு ஆண் பழ ஈக்கள் மட்டும் மொய்ப்பதைக் கவனித்து, 1915இல் அதற்குக் காரணம் இந்தப் பொருள் என்று எழுதினார். நம் மண்ணில் நடந்த கண்டுபிடிப்பு இது, ஆகவே சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இதன் இழுப்பு மிகவும் பலமானது. பசிபிக்கில் ரோட்டா என்ற சிறு தீவில் இதோடு பூச்சிக்கொல்லியைச் சேர்த்து வைத்து, 1965இல் பழ ஈயையே ஒழித்துவிட்டார்கள். ஆனால் அது தீவு, சுற்றிலும் கடல். உங்கள் இரண்டு ஏக்கரைச் சுற்றி மாவும் கொய்யாவும் இருக்கும். பொறியில் குவியும் ஈ பெரும்பாலும் அங்கே பிறந்தது. எலுமிச்சைத் தோலில் இருக்கும் எண்ணெய் ஈயின் முட்டைக்கும் புழுவுக்கும் ஆகாது, அதனால் எலுமிச்சையில் பழ ஈச் சேதம் மிகக் குறைவு. சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டும். நீங்கள் ஈயின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு எலுமிச்சைக்கு மருந்து அடித்தால், இலைத் துளைப்பானைத் தின்னும் சின்னக் குளவிகள்தான் சாகும். அந்தப் பொறிகளைக் கழற்றி, அக்கம்பக்கத்து மா, கொய்யாக்காரர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பன்னிரண்டு பொறியில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் ஓரத்தில் இரண்டு, நடுவில் ஒன்று, கொழுந்து இருக்கும் உயரத்தில், இலை அட்டையில் உரசாதபடி கட்டுங்கள். இன்னும் பிரிக்காத புது லூர் இருந்தால் உறையோடு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பழ ஈ மருந்தைத் தொட்ட கையால் இந்த லூரைத் தொடாதீர்கள், மணம் கலந்துவிடும். பழைய லூரைத் தோட்டத்தில் வீசாதீர்கள், அது மண்ணில் கிடந்தே ஆணை இழுத்து உங்கள் கணக்கைக் கெடுக்கும். அட்டையில் தூசியும் சிறகும் மூடிவிட்டால் புதுப் பூச்சி ஒட்டாது. எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று நாம் தவறாக நினைத்துக்கொள்வோம். அட்டையை அதற்கு முன்பே மாற்றுங்கள்.

வாரம் ஒரே கிழமை, ஒரே நேரத்தில் எண்ணுங்கள். ஒரு நோட்டில் தேதி, மூன்று பொறியின் எண்ணிக்கை, பத்து மரத்தில் எத்தனையில் கொழுந்து, மழை பெய்ததா என்று நான்கு பத்தி போதும். அடுத்த ஊர்க்காரர் தோட்டத்தில் எத்தனை விழுந்தது என்று கேட்டுக் குழம்ப வேண்டாம். உங்கள் தோட்டத்தின் போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடுங்கள். நான்கு வாரம் எழுதி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் ஐயா, அதை வைத்து உங்கள் கன்றுகளைப் பற்றி மறுபடியும் பேசுவோம்.