மலையேறிய பீரங்கிகள்

அவையோருக்கு வணக்கம்.

வலிய நாடு எளியவர்களிடம் தோற்றால், "காட்டுக்குள் ஒளிந்திருந்து அடித்தார்கள்" என்று காரணம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 1954-இல் வியட்நாமின் தியன் பியன் பூவில், தங்களை ஆண்ட பிரான்சின் படையை வியட்நாமிய விடுதலைப் படை தோற்கடித்ததற்கு அந்தக் காரணம் பொருந்தாது. அங்கே பீரங்கிக்கு எதிரே பீரங்கி நின்றது. களத்தைத் தேர்ந்தெடுத்ததும் பிரெஞ்சுத் தளபதிகளே.

லாவோஸ் எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்கு அது. அங்கே பிரெஞ்சுப் படை கோட்டை அமைத்திருந்தது. ஹனோயிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். உணவு, குண்டு, மருந்து எல்லாம் விமானத்தில்தான் வரவேண்டும். சுற்றிலும் மலை. அங்கே எதிரி பீரங்கி ஏற்றினால் என்ன ஆகும்? ஏற்றவே முடியாது என்று முடிவுகட்டினார்கள். சாலை கிடையாது, லாரி போகாது. தங்களால் முடியாதது விவசாயிகளால் எப்படி முடியும்? அப்படியே ஏற்றினாலும் அவை மூன்று முறை சுடுவதற்குள் அழித்துவிடுவேன் என்று பீரங்கிப்படைக் கர்னல் ஷார்ல் பிரோ உறுதி சொன்னார்.

இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள பீரங்கிகளை வியட்நாமியர் கயிறு கட்டித் தோளால் இழுத்தே மலையேற்றினார்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் அரிசியும் குண்டும் சுமந்தார்கள். மூங்கில் கட்டிய சைக்கிளில் 200 கிலோ ஏற்றி, ராத்திரியெல்லாம் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். அந்தப் பீரங்கிகளைக் கொடுத்தது சீனா. அதை மறைக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்களின் போர்ச்செலவில் பெரும்பகுதியைக் கொடுத்ததும் அமெரிக்காதானே!

வியட்நாமியத் தளபதி வோ நுயென் கியாப் ஒருகாலத்தில் வரலாற்று ஆசிரியர். ஜனவரி இறுதியில் தாக்குதலுக்கு எல்லாம் தயார். கடைசி நேரத்தில் அவர் நிறுத்தினார். உயிரைக் கொடுத்து இழுத்துவந்த பீரங்கிகளைத் திரும்ப இழுத்துப் போகச் சொன்னார். அந்த வீரர்களிடம் போய் இதைச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! தன் வாழ்விலேயே மிகக் கடினமான முடிவு அதுதான் என்று பின்னாளில் சொன்னார். ஆறு வாரங்களுக்கு மேல் பொறுத்தார். மலைச்சரிவைக் குடைந்து பீரங்கிகளை உள்ளே வைத்து மூடினார்கள். அவரால் காத்திருக்க முடிந்தது. போரில் சலித்துப்போன மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த பாரிஸ் அரசால் முடியவில்லை.

மார்ச் 13 அன்று குண்டுமழை தொடங்கியது. எங்கிருந்து சுடுகிறார்கள் என்றே பிரோவுக்குத் தெரியவில்லை. இரண்டு நாளில் கையெறிகுண்டை வெடிக்கவைத்து உயிரை மாய்த்துக்கொண்டார். மாத முடிவுக்குள் விமானத்தளம் முடங்கியது. மே 7 அன்று கோட்டை விழுந்தது. 10,000 பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள், அவர்களில் பலர் வீடு திரும்பவேயில்லை.

அந்த விவசாயி ஏன் சுமந்தார்? 1945 பஞ்சத்தில் வடவியட்நாமில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்ததை அவர் கண்ணால் கண்டவர். 1953 டிசம்பரில் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. நிலம் தனக்காகும் என்று நம்பினார். பிரெஞ்சுத் தளபதிகள் எதிரியின் லாரிகளை எண்ணினார்கள். இந்த மனிதரை அறிந்துகொள்ள அவர்கள் முயலவேயில்லை. அதைத்தான் தோல்விக்கான முதல் காரணமாக நான் கருதுகிறேன். பின்னால் வியட்நாமில் போரிட வந்த அமெரிக்காவும் செத்த எதிரிகளை எண்ணியே வெற்றியை அளந்தது.

தோல்விக்குப் பின் பிரான்சில் ஆட்சி மாறியது. புதிய பிரதமர் மெந்தேஸ் பிரான்ஸ் ஜூலையில் ஜெனிவாவில் பேச்சு நடத்திப் போரை முடித்தார். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் பகுதிகளின் நிர்வாகம் குண்டுச் சத்தமின்றி இந்தியாவிடம் வந்தது. அதே நவம்பர் 1 அன்று, பிரான்ஸ் ஆண்ட அல்ஜீரியாவில் விடுதலைப் போர் தொடங்கியது. அங்கே பிரான்ஸ் முதலில் பேச மறுத்து, ஏழாண்டுகளுக்கு மேல் போரிட்டு, 1962-இல் வெளியேறியது.