சொட்டு நீலம் காட்டிக்கொடுத்த கசிவு

நேயர்களுக்கு வணக்கம். கழிவறை ஃபிளஷ் டேங்க் ஒழுகுவதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வறண்டு, தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு தெருவில் நின்றோம். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் காலையில் நிரப்பிய மேல்தொட்டி சாயங்காலத்துக்குள் பாதியாகிவிடும். குழாய்தான் எங்கோ உடைந்திருக்கிறது என்று சுவரெல்லாம் தட்டிப் பார்த்தோம். எங்கேயும் ஈரம் இல்லை.

அம்மாதான் சொட்டு நீலத்தை எடுத்துக்கொண்டு போனார். வெள்ளை வேட்டிக்குப் போடுகிற அதே நீலம். டேங்க் மூடியைத் திறந்து நாலு சொட்டு விட்டு, "அரை மணி நேரம் யாரும் உள்ளே போகாதீங்கப்பா" என்றார். அப்புறம் போய்ப் பார்த்தால், வெள்ளைப் பீங்கானில் நூல் மாதிரி ஒரு நீலக்கோடு இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. இந்த ஒழுகல் தரையை நனைக்காது, நேராகச் சாக்கடைக்குப் போய்விடும். 2 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், 200 மில்லி, என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 144 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய பத்துக் குடம்! ஒரு குடத்துக்காக நாங்கள் கால்கடுக்க நின்ற நாட்களில்.

சரி, நீலம் இறங்குகிறது. மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே நட்டுக்க நிற்கும் குழாயின் வாய் வழியாகத் தண்ணீர் வழிந்தால், மிதவை உயரத்தில் நிற்கிறது, அல்லது தண்ணீர் வரும் வால்வு சரியாக மூடவில்லை. மிதவையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். குழாய் வாய்க்கு ஒரு விரல் கீழே தண்ணீர் நின்றால் போதும்.

வாய்க்கு எட்டாமலே தண்ணீர் குறைகிறதா? அப்படியானால் அடி வாஷர்தான், அதாவது டேங்கின் அடியில் தண்ணீர் இறங்கும் துளையை அடைக்கும் ரப்பர் வளையம். எங்கள் வீட்டிலும் அதுதான். சுவரோரம் டேங்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் வால்வை மூடி, ஒருமுறை ஃபிளஷ் செய்து டேங்கைக் காலியாக்குங்கள். வாஷரைக் கழற்றி விரலால் தேயுங்கள். கறுப்பாக ஒட்டினால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். போர் தண்ணீர் வீடுகளில் வாஷர் உட்காரும் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அதை எலுமிச்சைச் சாறு விட்டு ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். கத்தி வேண்டவே வேண்டாம். ஒரு கீறல் விழுந்தால் புது வாஷரும் ஒழுகும். கடைக்குப் பழைய வாஷரையே கையில் கொண்டுபோங்கள், அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாட்டிய பிறகு மறுபடி நாலு சொட்டு நீலம் விட்டுப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், நாலு சொட்டு, அரை மணி நேரம்.

ஆங்கிள் வால்வு மரையில் கசிந்தால் என்ன செய்வது என்றும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் நெருங்கிவிட்டது. மரையின் முனையை உங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, டெஃப்லான் டேப் என்கிற மெல்லிய வெள்ளை நாடாவைக் கடிகார முள் போகும் திசையில் இறுக்கிச் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் முடுக்கும்போது பிரிந்துவிடும். வணக்கம்.