கிராபிக்ஸ் கார்டுக்கு பவர் அடாப்டர்: மாட்டுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

[திரையில்: 12வி-ஹைபவர் பிளக் ஒன்று, மிக அருகில்]

புது கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் பவர் கொண்டு போற 12வி-ஹைபவர் பிளக் இது. கொஞ்சம் உத்துப் பாருங்க. பெரிய ஓட்டை பன்னிரண்டுல பதினொண்ணு புதுசு மாதிரியே இருக்கு. ஓரத்துல ஒண்ணு மட்டும் உருகி, சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் பழுப்பேறிப் போயிருக்கு. இது உருகிட்டு இருந்த நேரத்துல கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிட்டு இருந்திருக்கும். கேம் நின்னிருக்காது, கம்ப்யூட்டருக்குப் பவர் தர்ற பெட்டியான எஸ்எம்பிஎஸ் ட்ரிப் ஆகியிருக்காது. ஏன் ஆகலைங்கிறதுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி, எந்த வழியா எவ்வளவு பவர் வருதுன்னு ஒரு சின்ன கணக்கு.

மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். 6 பின் பிளக் 75 வாட், 8 பின் பிளக் 150 வாட். 12வி-ஹைபவர் ஒண்ணே ஒண்ணு, 600 வாட் வரைக்கும். அடாப்டர் இந்தக் கணக்குல எதையும் கூட்டாது. அந்தப் பக்கம் இருக்கிறதை இந்தப் பக்கம் கடத்தும், அவ்வளவுதான். அதனால அடாப்டர் வாங்குறப்போ கார்டுல மாட்டுற முனை என்னன்னு மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. எஸ்எம்பிஎஸ் கேபிள்ல மாட்டுற முனை என்னன்னு பாருங்க. ஆபத்து பெரும்பாலும் அங்கதான் ஒளிஞ்சிருக்கு.

[திரையில்: சாட்டா பவர் பிளக்]

உதாரணத்துக்கு ஹார்ட் டிஸ்க்குக்குப் போற சாட்டா பவர் பிளக். 15 தொடுமுனை இருக்கு, பாக்க பலமாத்தான் தெரியும். ஆனா 12 வோல்ட்டுக்கு அதுல மூணே மூணுதான். ஒவ்வொண்ணும் 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். இதை 75 வாட் எடுக்கக்கூடிய 6 பின் ஆக்கி விக்கிறாங்க. ரெண்டு சாட்டாவைச் சேத்து 8 பின் ஆக்குற அடாப்டரும் இருக்கு. 108 வாட் தாங்குற இடத்துல 150 வாட்! சாட்டால இருந்து கிராபிக்ஸ் கார்டுக்குப் போற எந்த அடாப்டரும் வேண்டாம். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

நாலு பின் இருக்கிற பழைய மோலெக்ஸ் பிளக் கொஞ்சம் தேவலாம். மஞ்சள் ஒயர் ஒண்ணுதான் 12 வோல்ட், ஆனா பின் தடிமனானது. ரெண்டு மோலெக்ஸ்ல இருந்து ஒரு 6 பின் எடுக்கலாம். அந்த ரெண்டும் எஸ்எம்பிஎஸ்ல இருந்து வேற வேற ஒயரா வரணும். ஒரே ஒயர்ல வரிசையா தொங்குற ரெண்டு பிளக்கை எடுத்தா ஒரு பிரயோஜனமும் இல்ல. 8 பின்னுக்கு இந்த வழி வேண்டாம்.

6 பின்னை 8 பின் ஆக்குற குட்டி அடாப்டர் இன்னொரு ரகம். 8 பின்ல கூடுதலா இருக்கிற ரெண்டு பின்னும் 12 வோல்ட் கொண்டு வர்றது இல்ல. ரெண்டுமே கிரவுண்டோட சேர்ந்தது. அதுல ஒண்ணு சென்ஸ் பின். அது கிரவுண்டைத் தொட்டிருந்தா ‘ஓ, 150 வாட் கேபிள் மாட்டியிருக்காங்க’னு கார்டு நம்பிக்கும். இந்த அடாப்டர் அந்தப் பின்னை கிரவுண்டோட முடிச்சுப் போடுது. கார்டுகிட்ட பச்சையா ஒரு பொய் சொல்லுது, அவ்வளவுதான் அதோட வேலை.

பிராசஸருக்குப் போற 8 பின் கேபிளும் ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும். ஆனா அதுல 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும், பலவந்தமா சொருகினா ஷார்ட். அடையாளம் சுலபம்: ரெண்டு சம பாதியா, 4+4னு பிரிஞ்சா அது பிராசஸருக்கு, 6+2னு பிரிஞ்சா கிராபிக்ஸ் கார்டுக்கு. மாடுலர் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபிளைத் தனியா கழட்டி மாட்டக்கூடியது, வச்சிருக்கிறவங்க இன்னொண்ணையும் கவனிக்கணும். எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசைக்குப் பொது விதி எதுவும் கிடையாது. ஒரே கம்பெனியோட ரெண்டு மாடலுக்குள்ளயே மாறலாம். பழைய கேபிள் கச்சிதமா பொருந்துதுன்னு புது எஸ்எம்பிஎஸ்ல மாட்டிடாதீங்க.

[திரையில்: ஒரே கேபிளில் இரண்டு 8 பின் தலைகள்]

ஒரே கேபிள், ரெண்டு தலை. ரெண்டையும் கார்டுல மாட்டி முழுசா இழுத்தா 300 வாட், 25 ஆம்பியர். அது மொத்தமும் மூணு 12 வோல்ட் ஒயர் வழியா வரணும், ஒயருக்கு 8 ஆம்பியருக்கும் மேல. கார்டு 200 வாட்டுக்குள்ள இருந்தா பரவாயில்ல. அதுக்கு மேல போனா தலைக்கு ஒரு கேபிள் தனித்தனியா இழுங்க. 12வி-ஹைபவர் அடாப்டர்ல எஸ்எம்பிஎஸ் கேபிளை மாட்டுற வால் நாலு இருந்தா நாலு தனி கேபிள் வேணும்.

இப்போ அந்த உருகின பின்னுக்கு வருவோம்.

600 வாட்னா 12 வோல்ட்ல 50 ஆம்பியர். பன்னிரண்டுல 12 வோல்ட் கொண்டு வர்றது ஆறு பின்தான், மிச்சம் கிரவுண்டு. அந்த ஆறும் பங்கு போட்டா ஆளுக்கு 8.3. ஒரு பின்னோட தாங்கு திறனே 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலதான். பழைய 8 பின்ல 150 வாட்டுக்கு ஒவ்வொரு 12 வோல்ட் பின்லயும் ஓடுறது சுமார் 4.2 ஆம்பியர், அங்க தாராளமா இடம் விட்டிருந்தாங்க. இங்க அந்த இடம் இல்ல.

பல கார்டுகள்ல இந்த ஆறு பின்னும் போர்டுக்குள்ள போனதும் ஒண்ணா சேர்ந்துடும். எந்தப் பின்ல எவ்வளவு போகுதுன்னு தனித்தனியா பாக்க அங்க ஆள் இல்ல. பிளக் லேசா சாய்ஞ்சு மூணு பின் சரியா தொடலைன்னு வைங்க. அவங்க பங்கும் மிச்ச மூணு தலையில விழும். பின்னுக்கு 16 ஆம்பியருக்கும் மேல. கரண்ட் ரெண்டு மடங்கானா அந்தத் தொடுமுனையில சூடு நாலு மடங்காகும். சூட்டுல உள்ள இருக்கிற ஸ்பிரிங் தளரும், தளர்ந்தா தடை ஏறும், மறுபடி சூடு. இவ்வளவும் ஒரு அரிசி அளவு இடத்துல நடக்குது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தெரியறது மொத்தக் கணக்கு மட்டும்தான்: 50 ஆம்பியர், எல்லாம் சரி. அதான் ட்ரிப் ஆகல. உருகினது சரியா தொடாத பின்னாத்தான் இருக்கணும்னும் இல்ல. நல்லா தொட்டுக்கிட்டு, மத்ததோட சுமையையும் தாங்கின பின்னாவும் இருக்கலாம்.

2022 அக்டோபர்ல என்விடியாவோட 450 வாட் கார்டு ஆர்டிஎக்ஸ் 4090 வந்த கையோட இப்படி உருகின பிளக் படங்கள் வர ஆரம்பிச்சுது. பிளக் முழுசா உள்ள போகாததுதான் பொதுவான காரணம்னு என்விடியா நவம்பர்ல சொல்லிச்சு. 2023ல 12வி-2×6னு திருத்தின வடிவம் வந்துச்சு. கார்டு பக்கத்து சாக்கெட்ல சென்ஸ் பின்னை 1.5 மில்லிமீட்டர் குட்டையாக்கினாங்க. பாதி சொருகியிருந்தா சென்ஸ் பின் தொடாது, கார்டும் பவர் இழுக்காது. நல்ல திருத்தம்தான். ஆனா ஆறு பின்னுக்கு நடுவுல கரண்ட் சமமா பிரியறதுக்கு அது ஒண்ணும் பண்ணல. 2025ல வந்த ஆர்டிஎக்ஸ் 5090 575 வாட் எடுக்குதுங்கிறதையும் இதோட சேத்துப் பாருங்க.

ஒயரைப் பக்கவாட்டுல திருப்பி விட அழகுக்காக போடுற ஆங்கிள் அடாப்டர் விஷயமும் இதேதான். நடுவுல ஒண்ணு வந்தா, கரண்ட் தாண்ட வேண்டிய இணைப்பு இன்னொண்ணு கூடுது. கேபிள்மாட் கம்பெனி வித்த ஆங்கிள் அடாப்டர்களை, சூடாகி உருகுதுன்னு 2024 பிப்ரவரியில அமெரிக்காவுல அதிகாரபூர்வமா திரும்பப் பெற்றாங்க. என்னைக் கேட்டா: கார்டு பெட்டியிலேயே வர்ற அடாப்டர் போதும். அதைவிட நல்லது, எஸ்எம்பிஎஸ்ல இருந்து நேரா வர்ற, அதே கம்பெனியோட 12வி-2×6 கேபிள்.

[திரையில்: கார்டில் பிளக்கைச் சொருகும் கைகள்]

மாட்டுற விதம். சுவிட்சை அணைச்சு, ஒயரைப் பிடுங்கிடுங்க. முடிஞ்சா கார்டு கேபினெட்டுக்கு வெளிய இருக்கும்போதே அடாப்டரைச் சொருகுங்க. உள்ள வச்சு சொருகினா கைக்கு இடமும் இருக்காது, பலமும் வராது. க்ளிக் சத்தத்தை மட்டும் நம்பாதீங்க, சில பிளக்குல அது கேக்கவே கேக்காது. டார்ச் அடிச்சுப் பக்கவாட்டுல பாருங்க. பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவுல கோடு மாதிரி இடைவெளி தெரியுதா? ஒரு பக்கம் மட்டும் தெரியுதா? அப்போ சாய்வா இருக்கு, மறுபடி அழுத்துங்க. பிளக்ல இருந்து 35 மில்லிமீட்டர் வரைக்கும் ஒயர் நேரா வரட்டும், அதுக்கப்புறம் வளைங்க. கண்ணாடி மூடி ஒயரை அமுக்கினா அந்தக் கேபினெட் இந்தக் கார்டுக்கு ஆகாது. சும்மா சும்மா கழட்டிப் பாக்கவும் வேண்டாம். இந்த பிளக் 30 தடவை மாட்டிக் கழட்டுறதுக்குத்தான் கணக்கு.

சந்தேகம் போகலைன்னா கார்டோட பவர் லிமிட்டை, அதாவது அது அதிகபட்சம் இழுக்கிற பவரை, 80 சதவீதத்துக்கு இறக்குங்க. கேம்ல பெருசா வித்தியாசம் தெரியாது, ஆனா தொடுமுனையில சூடு மூணுல ஒரு பங்குக்கும் மேல குறையும். கார்டுக்கு வர்ற 12 வோல்ட் அளவை எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி சாஃப்ட்வேர்ல பாத்துக் குறிச்சு வைங்க. அதே கேம், அதே செட்டிங்ல அது வாரா வாரம் இறங்கிட்டே வந்தா, எங்கயோ ஒரு இணைப்பு கெட்டுட்டு வருது.

பிளாஸ்டிக் கருகின வாடை வந்தா உடனே அணைச்சு, ஆறினதும் கழட்டிப் பாருங்க. பழுப்பு தெரிஞ்சா கேபிளை மட்டும் மாத்திட்டு மறுபடி ஓட்டாதீங்க. கார்டு பக்கத்து பின்னும் அதே சூட்டைப் பாத்திருக்கும். கருகின பின்ல புது பிளக்கைச் சொருகினா அதுவும் கூடிய சீக்கிரம் அதே கதிதான். கேபிள், கார்டு ரெண்டையும் படம் எடுத்து வச்சுக்கிட்டு, வாரண்டிக்குப் பேசுங்க.