காலுக்குக் காலுறை, குழந்தைக்குக் காட்டெருமை

வணக்கம். குன்னூரிலிருந்து பேசுகிறேன். மேசையின் இடப்பக்கத்தில் நீங்கள் பார்ப்பது ஊசியில் பாதி வளர்ந்து நிற்கும் ஒரு காலுறை. வலப்பக்கத்தில் இருப்பது இன்னும் காது தைக்காத ஒரு காட்டெருமை. காலுறை இதே ஊரில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு. காட்டெருமை சென்னையில் இருக்கும் என் அக்காவின் கைக்குழந்தைக்கு. இதை மாற்றி யோசித்தால் இரண்டுமே வீணாகிவிடும். சென்னையில் இருப்பவருக்கு எவ்வளவு அழகான கம்பளிக் காலுறையைப் பின்னிக் கொடுத்தாலும் அது பீரோவுக்குள் போய்ப் பூச்சிக்குத்தான் இரையாகும். ஆகவே, யாருக்கு என்பதை முடிவு செய்யாமல் நூல் வாங்கக் கடைக்குப் போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இன்றைய பதிவு முழுவதும் அந்தப் பிடிவாதத்தைப் பற்றியதுதான்.

காலுறையை ஏன் பின்னல் ஊசியிலும் பொம்மையை ஏன் குரோஷா என்னும் கொக்கி ஊசியிலும் செய்கிறோம் என்று பலர் கேட்கிறீர்கள். பின்னலில் ஒரு சுற்றின் எல்லாக் கண்ணிகளும், அதாவது நூல் வளையங்களும், ஒரே நேரத்தில் ஊசியில் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு கண்ணியும் கீழிருக்கும் கண்ணிக்குள் வளைந்து நுழைவதால் துணி இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். குரோஷாவில் ஊசியில் இருப்பது எப்போதும் ஒரே கண்ணிதான், மற்றவை எல்லாம் முடிச்சுப் போல முடிந்துபோனவை. அதனால் துணி தடிமனாக, கொடுத்த வடிவத்திலேயே நிற்கும். காலுக்கு வேண்டியது முதல் குணம், பஞ்சு அடைத்த பொம்மைக்கு வேண்டியது இரண்டாவது குணம். குரோஷாவிலும் காலுறை போடலாம், போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் செருப்பணிந்து நாள் முழுவதும் நடக்கும் ஒருவருக்கு அந்த முடிச்சுகள் உள்ளங்காலில் உறுத்தும்.

முதலில் நூல். நம் ஊர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் எடுத்துப் போடுவதில் பெரும்பாலானவை அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அதில் குற்றம் ஒன்றும் இல்லை, பொம்மைக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது, ஆகையால் காலுறைக்கு நான் அதைத் தொடுவதில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு விரற்கடை நூலைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், எரிந்த நுனி விரலில் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகி, கறுத்த கெட்டி உருண்டையாக நிற்கும். காலுறைக்கென்றே விற்கும் நூலில் பெரும்பாலும் 75 சதவீதம் கம்பளியும் 25 சதவீதம் நைலானும் இருக்கும். வெறும் கம்பளி குதிகாலில் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதற்காகவே நைலான் சேர்க்கிறார்கள். ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுள்ள 100 கிராம் நூல் ஒரு ஜோடிக்குப் போதும்.

அடுத்து அளவு, அதுவும் பெறுகிறவருக்குத் தெரியாமல். டேப்பை எடுத்துக்கொண்டு பெரியப்பாவின் காலடியில் உட்கார்ந்தால் விஷயம் வெளியே வந்துவிடும் அல்லவா? அதற்குத்தான் வாசலில் கழற்றிவிட்ட பழைய செருப்பு இருக்கிறது. நாள்பட்ட தோல் செருப்பில் குதிகாலின் குழியும் பெருவிரலின் தடமும் தெளிவாகப் பதிந்திருக்கும். அந்தக் குழியின் பின்விளிம்பிலிருந்து விரல் தடத்தின் முன்விளிம்பு வரை நூல் பிடித்து அளந்தால் பாத நீளம் கிடைத்துவிடும். காலுறையின் பாதத்தை அதைவிட ஒரு சென்டிமீட்டராவது குறைவாகவே பின்ன வேண்டும், ஏனென்றால் துணி இழுபட்டு நிற்கும்போதுதான் காலுறை சுருங்கி வழியாமல் இருக்கும்.

சுற்றளவைச் செருப்பிலிருந்து எடுக்க முடியாது; ஆனால் அங்கே பின்னலின் நீளும் குணம் நமக்குத் துணை வருகிறது. என் கைக்கு 2.25 மில்லிமீட்டர் ஊசியில் ஓர் அங்குலத்துக்கு 8 கண்ணிகள் விழுகின்றன. பாதத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு 9 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 72 கண்ணிகள். அதில் பத்து சதவீதம் குறைத்து, காலுறையின் வாயில் போடும், இழுபடும் ரிப் பின்னலுக்கு ஏற்றவாறு நான்கால் வகுபடும் எண்ணாக மாற்றினால் 64. இந்த 64 கண்ணிகள், அரை அங்குலம் கூடக் குறைய இருக்கும் கால்களுக்கும் பொருந்திவிடும். உங்கள் கை இறுக்கமா தளர்வா என்பது உங்களுக்குத்தான் தெரியும், ஆகவே என் எண்ணை அப்படியே எடுக்காமல் ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதைத் துவைத்துக் காயவைத்து அளந்துகொள்ளுங்கள்.

கேமராவைச் சற்று அருகில் கொண்டுவருகிறேன், ஏனென்றால் குதிகால் திரும்பும் இடம்தான் எல்லோரும் பயப்படும் இடம். மேலிருந்து கணுக்கால் வரை குழாயாகப் பின்னி வந்தபின், 64இல் பாதி, அதாவது 32 கண்ணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற 32 கண்ணிகளை அப்படியே ஓய்வாக விட்டுவிட்டு, முன்னும் பின்னுமாக 32 வரிசைகள் பின்னியிருக்கிறேன். ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பின்னாமல் வெறுமனே அடுத்த ஊசிக்கு மாற்றியதால், இதோ, இரண்டு ஓரங்களிலும் சங்கிலி போல 16 கண்ணிகள் வரிசையாக நிற்கின்றன. இப்போது குதிகாலின் கிண்ணம். முதல் கண்ணியை மாற்றி, 17 நிட் (நேர்க் கண்ணி) போட்டு, அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி, இன்னும் ஒன்று போட்டு, வரிசை முடியாமலேயே திருப்புகிறேன். மறுபக்கம் ஒன்றை மாற்றி, 5 பர்ல் (புறக் கண்ணி) போட்டு, இரண்டைச் சேர்த்து, ஒன்று போட்டு, மறுபடியும் திருப்புகிறேன். திருப்பிய இடத்தில் ஒரு சிறிய இடைவெளி தெரிகிறதா? ஒவ்வொரு வரிசையிலும் அந்த இடைவெளியின் இரு பக்கத்துக் கண்ணிகளையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், எண்ணிக்கையை மறந்தாலும் கண்ணே வழிகாட்டும். முடிவில் 32 கண்ணிகள் 18 ஆகியிருக்கும், தட்டையாக இருந்த துணி உள்ளங்கையில் குழிந்து உட்காரும். இதைத் தலைமுறை தலைமுறையாக எத்தனையோ பேர் காகிதக் குறிப்பு இல்லாமல், பேசிக்கொண்டே செய்திருக்கிறார்கள். பிறகு ஓரங்களில் 16, 16 ஆகக் கண்ணிகளை எடுத்து, ஓய்வில் இருந்த 32ஐயும் சேர்த்தால் ஊசியில் மொத்தம் 82. ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்து வந்தால் 18 சுற்றுகளில் பழைய 64க்கு வந்துவிடலாம். அதன் பின் விரல் வரை நேராகப் போக வேண்டியதுதான்.

விரல் முனையில் கண்ணிகளைக் குறைத்து மேலே 8, கீழே 8 என்று நிறுத்தியதும், தையல் ஊசியால் அவற்றை இணைக்கும் முறைக்குக் கிச்சனர் தையல் என்று பெயர். முதல் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்தவரின் பெயர் அது. பதுங்குகுழித் தண்ணீரில் நாள்கணக்கில் நின்ற சிப்பாய்களின் கால்கள் அழுகத் தொடங்கியபோது, வீட்டிலிருந்த பெண்கள் அவர்களுக்காகக் காலுறை பின்னி அனுப்பினார்கள். விரல் முனையில் மேடான தையல் இருந்தால் ஈரக் காலில் தோல் கிழியும். இந்தத் தையலில் அந்த மேடு இல்லை. பெரியப்பா கட்டைவிரலைத் தனியாக நுழைக்கும் செருப்பு அணிபவராக இருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன். லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த ஒரு ஜோடிச் சிவப்புக் கம்பளிக் காலுறைகள் இருக்கின்றன. கி.பி. 250க்கும் 420க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த அவற்றில், செருப்புக்காகக் கட்டைவிரலைத் தனியே பிரித்திருக்கிறார்கள். ஒற்றை ஊசியால் செய்த அவை இன்றைய பின்னலுக்கும் முற்பட்ட முறையில் ஆனவை.

பூ வேலைப்பாடும் ஓட்டையும் நிறைந்த காலுறையைப் பரிசாக நான் பின்னுவதில்லை. அணியவே மனம் வராத அளவுக்கு அழகாக இருந்தால் அதை யார் அணிவார்கள்? ஒரு ஜோடிக்கு 20,000க்கும் மேற்பட்ட கண்ணிகள் போகின்றன. அவ்வளவும் செருப்புக்குள் தேய்வதற்காகத்தான்.

இனி காட்டெருமை. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இவற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கறுத்த உடலுக்குக் கீழே முழங்காலிலிருந்து குளம்பு வரை வெள்ளையாக இருக்கும்; தூரத்திலிருந்து பார்த்தால் நான்கு கால்களுக்கும் யாரோ காலுறை மாட்டிவிட்டதைப் போலத் தோன்றும். பொம்மையிலும் அந்த வெள்ளைதான் அடையாளம், மற்றபடி அதை எருமை என்றோ கரடி என்றோ சொல்லிவிடலாம்.

பஞ்சு அடைத்த சிறு பொம்மைகள் செய்ய ஜப்பானியர்கள் பரப்பிய அமிகுருமி முறையில் பெரும்பாலான உறுப்புகள் வட்டத்திலிருந்துதான் தொடங்குகின்றன. நூலை வளையமாகச் சுற்றி, அதற்குள் 6 சிங்கிள் குரோஷா (குரோஷாவின் அடிப்படைக் கண்ணி) போட்டு, நூலின் வாலை இழுத்தால் நடுவில் துளையே இல்லாமல் மூடிக்கொள்ளும். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டு 12, பிறகு 18, 24, 30, 36 என்று ஆறாறாகக் கூட்டினால் தட்டு விரியும்; கூட்டுவதை நிறுத்தினால் சுவர் எழும்பும்; ஆறாறாகக் குறைத்தால் மூடும். சுற்றுகளை இணைக்காமல் சுருளாகவே போவதால், சுற்றின் முதல் கண்ணியில் ஓர் அடையாள வளையம் மாட்டாமல் இருக்கக் கூடாது. நூலின் சீட்டில் 4 மில்லிமீட்டர் ஊசி என்று போட்டிருந்தால் நான் 3 மில்லிமீட்டர் எடுக்கிறேன். கண்ணிகள் நெருங்கி விழவில்லை என்றால் உள்ளே அடைத்த பஞ்சு வெளியே எட்டிப்பார்க்கும்.

வெள்ளைக் காலிலிருந்து கறுப்பு உடலுக்கு மாறும் இடத்தைப் பாருங்கள். வெள்ளையின் கடைசிக் கண்ணியை முழுவதும் முடிக்காமல், ஊசியில் இரண்டு வளையங்கள் இருக்கும்போதே கறுப்பு நூலை மாட்டி அவற்றின் வழியே இழுக்கிறேன். கண்ணியின் உடல் வெள்ளை, தலை கறுப்பு. அதனால் அடுத்த சுற்று சுத்தமாகக் கறுப்பில் தொடங்குகிறது. முடித்துவிட்டு மாற்றினால் ஒரு வெள்ளைப் பல் மேலே துருத்திக்கொண்டு நிற்கும்.

கண்களுக்கு வருவோம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கண்களைப் பின்புறம் வாஷரால் இறுக்கிவிட்டால் கழலாது என்று சொல்லி விற்கிறார்கள். வாஷர் கழலாது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் நூல் கண்ணி தளர்ந்தால் கண் வாஷரோடு சேர்ந்தே வெளியே வரும். கைக்குழந்தைக்குப் பொம்மையின் பயன் கடிப்பதும் உறிஞ்சுவதும்தான். பொம்மைப் பாதுகாப்புச் சோதனைக்குப் பயன்படும் உருளையின் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுமையாக அடங்கும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கொள்கிறார்கள். பொத்தான், மணி, பிளாஸ்டிக் கண் எல்லாமே அதில் அடங்கிவிடும். ஆகவே இந்தக் காட்டெருமைக்குக் கண்ணை நூலால்தான் தைத்திருக்கிறேன். சிறிது தாழ்வாகவும் சிறிது விலகியும் தைத்தால் குட்டியின் முகம் வரும். கொம்புகளையும் தனியாகச் செய்து ஒட்டவில்லை, சுற்றிலும் நெருக்கமாகத் தைத்திருக்கிறேன். தைத்தபின் கையால் பிடித்துப் பலமாக இழுத்துப் பார்த்த பிறகே அடுத்த வேலை.

இதை விற்கலாமே என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் இந்தியாவில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினைப் பொருள்களுக்கான மத்திய வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு அதில் விலக்கு உண்டு. பதிவு செய்துகொண்டு விற்பதே முறை. விலையை நிர்ணயிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: காலுறை பின்னும் இயந்திரத்தை இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589இலேயே செய்துவிட்டார், ஆனால் குரோஷாப் பொம்மையைப் பெருமளவில் போட்டுத் தள்ளும் இயந்திரம் இன்றும் சந்தைக்கு வரவில்லை. கடையில் நூறு ரூபாய்க்குக் குரோஷாப் பொம்மை கிடைத்தால், அந்த விலைக்குள் யாரோ ஒருவரின் கை வேலை அடங்கியிருக்கிறது. அதோடு போட்டி போட்டு உங்கள் விலையைக் குறைக்காதீர்கள்.

கடைசியாக, பரிசோடு வைக்கும் சீட்டு. பெரியப்பாவின் பொட்டலத்தில், குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கப்போட்டுக் காயவைக்கவும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். வெந்நீரில் அலசித் தேய்த்தால், பதப்படுத்தாத கம்பளி சுருங்கி அவருடைய பேரனுக்குத்தான் பொருந்தும். அக்காவின் பொட்டலத்தில், வலைப்பையில் போட்டு மெஷினில் துவைக்கலாம், மாதம் ஒருமுறை தையல்களை இழுத்துப் பார்க்கவும் என்று இருக்கிறது. இரண்டிலும் மிஞ்சிய நூலில் ஐந்து கிராம் அளவுக்குச் சிறிய உருண்டையாகச் சுற்றி, ஒரு தையல் ஊசியைச் சீட்டில் குத்தி வைக்கிறேன், குழந்தையின் பொட்டலத்தில் மட்டும் ஊசி கிடையாது.