ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஒரு கடிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

தென் மாநிலங்களில் மரபணுவையும் நோயையும் சேர்த்து ஆராய்கிறவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் போன மாதம் இரண்டு நாள் இருந்தேன். அங்கே பேசியதை வானொலியில் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். பேசியது நிறைய. என் மனதை விட்டுப் போகாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்வது.

எங்கள் துறைக்கு மரபணு நோய்ப்பரவலியல் என்று பெயர். பெயர்தான் பெரியது. ஒரு நோய் எந்தக் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வருகிறது, அதில் பிறப்போடு வந்தது எவ்வளவு, சாப்பாடும் சூழலும் சேர்த்துவிட்டது எவ்வளவு என்று ஊர் ஊராகக் கணக்குப் பார்ப்பதுதான் வேலை. கணக்குப் பார்க்க ரத்தம் வேண்டும். அந்த ரத்தம் யாரோ ஒருவருடைய கையிலிருந்து வருகிறது.

சிக்கிள் செல் ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். அரிவாள் செல் என்றும் சொல்வார்கள். ரத்தச் சிவப்பணு வட்டமாக, நடுவில் சற்றுக் குழிந்து, நன்றாக வளைந்துகொடுக்கும். இந்த நோயில் ஹீமோகுளோபினில் ஒரே ஓர் இடம் மாறியிருக்கிறது. ஆக்சிஜன் குறைந்ததும் அணு அரிவாள் போல வளைந்து விறைத்துவிடுகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களில் போய் அடைக்கிறது. எலும்புக்குள் குத்துகிற மாதிரி ஒரு வலி வரும். பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

இந்தியாவில் இந்த மாற்றத்தை முதலில் கண்டது நம் நீலகிரியில். 1952ஆம் ஆண்டு, லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மலையின் பழங்குடிகளிடம் அதைக் கண்டு எழுதினார்கள். ஏன் அங்கே? காரணம் மலேரியா. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தவரை நாங்கள் கேரியர் என்போம். கடுமையான மலேரியா அவரை அவ்வளவு எளிதில் சாய்க்காது. கொசு நிறைந்த காடுகளில் தலைமுறை தலைமுறையாக அந்த மரபணு பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால்தான் இன்றும் நிலைத்திருக்கிறது. இதைச் சாபம் என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கேரியருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. கணவன் மனைவி இருவருமே கேரியராக இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. 'ஒவ்வொரு' என்பதைக் கவனியுங்கள். முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது என்று நம்பியிருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படியில்லை. அடுத்த குழந்தைக்கும் கணக்கு முதலிலிருந்துதான்.

சரி, இப்போது என் தவறு. நான் இளம் ஆய்வாளனாக இருந்தபோது மலையோரக் குடியிருப்பு ஒன்றில் ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தேன். ஹீமோகுளோபினில் அந்த மாற்றம் உண்டா என்று மட்டும் காட்டும் கரைதிறன் சோதனை செய்தோம். அது கேரியரா நோயாளியா என்று பிரித்துச் சொல்லாது, இன்னொரு சோதனை வேண்டும். அதையும் செய்தோம். கட்டுரை வெளிவந்தது. ஊருக்கு மட்டும் நான் திரும்பிப் போகவில்லை. கையை நீட்டியவர்களில் ஒருவருக்கும் முடிவு தெரியாது. அந்த வெட்கம் இன்றும் குறையவில்லை.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். அரங்கம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராக அதே மாதிரி அனுபவம் சொன்னார்கள். நிகழ்ச்சி நிரலில் இருந்த தலைப்பை ஒதுக்கிவிட்டு, முடிவை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று அன்று மாலை முழுக்கப் பேசினோம். அரிவாள் செல் நோய்க்காக 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டம் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. அத்தனை பேருக்கும் முடிவு, புரிகிற மொழியில், போய்ச் சேர வேண்டும். நீலகிரியின் கூடலூரில் ஆதிவாசிகளுக்கென்றே நடக்கும் மருத்துவமனை பரிசோதனையையும் சிகிச்சையையும் பல ஆண்டுகளாகச் சேர்த்தே செய்துவருகிறது. ஹைட்ராக்சியூரியா மாத்திரை வலி வருவதைக் குறைக்கிறது. எனவே முடிவைச் சொன்ன கையோடு எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்ல முடியும்.

முடிவு மாறக்கூடும் என்பதும் உண்டு. வேறொரு நோயில் நடந்ததைச் சொல்கிறேன். இதயத் தசையில் வேலை செய்யும் ஒரு மரபணுவின் ரசாயன எழுத்துகளில் 25 விடுபட்டிருப்பது தெற்காசியரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது, அது இதய நோயோடு சேர்ந்து வருகிறது என்று 2009இல் மதுரை, ஐதராபாத் ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதினார்கள். விடுபட்ட அந்த எழுத்துகளைவிட, சிலரிடம் அதோடு ஒட்டி வருகிற வேறொரு மாற்றம்தான் ஆபத்து என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. முதல் முடிவைக் கேட்டுப் பயந்தவருக்கு இரண்டாவதையும் சொல்ல வேண்டாமா? ஆகவே ஒரு தடவை கடிதம் போட்டால் போதாது.

மறுநாள் காலை கேரியருக்கான கடிதத்தை ஒரு பக்கத்தில் எழுதினோம். 'நீங்கள் நோயாளி இல்லை' என்று நான் தொடங்கியிருந்தேன். கூட்டத்துக்கு வந்திருந்த பணியர் பழங்குடிச் சமூகத்துச் சுகாதாரப் பணியாளர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். "சார், இல்லைன்னு எழுதினாலும் நோயாளிங்கற சொல்லுதான் காதுல நிக்கும். கல்யாணம் பேசுற இடத்துல அதைத்தான் சொல்லுவாங்க" என்றார். அந்த வரியை அவரே அடித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே எழுதச் சொன்னார்: 'உங்கள் ரத்தத்தைப் பார்த்தோம். நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள். குழந்தை பெற நினைக்கும்போது உங்கள் துணையையும் கூட்டிக்கொண்டு ஒரு முறை வாருங்கள்.'

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, நான் திரும்பிப் போகாத அந்தக் குடியிருப்புக்கு அடுத்த வாரம் போகிறேன். பழைய பதிவேடு இன்னும் என்னிடம் இருக்கிறது.

வணக்கம்.