இணையின் பெயரோடு எழுதப்படும் வாழ்க்கை

அவைத்தலைவர் அவர்களே, நாகர்கோவிலில் இருந்தும் தக்கலை, மார்த்தாண்டம், கொட்டாரம் பக்கமிருந்தும் வந்திருக்கின்ற பெரியோர்களே, தாய்மார்களே, பயிற்சி முடிந்து ராக்கெட் பையைத் தோளில் மாட்டியபடியே வந்து அமர்ந்திருக்கும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் என் வணக்கம்.

இறகுப்பந்து வீராங்கனை ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று இம்மன்றத்தார் என்னைக் கேட்டபோது, சாய்னா நேவாலையோ சிந்துவையோ நான் எடுத்துக்கொள்வேன் என்று எண்ணியிருப்பார்கள். அவர்களைப் பற்றி உங்களுக்கு நிறையவே தெரியும். நான் பேச வந்திருப்பது இந்தோனேசியாவின் கிரேசியா பொலீயைப் பற்றி. வாழ்நாள் முழுவதும் இரட்டையர் ஆட்டம் ஒன்றையே தொழிலாகக் கொண்டு, பல இணைகளோடு களமிறங்கி, ஒலிம்பிக்கில் ஒரு முறை தகுதி நீக்கம் செய்யப்பட்டு, ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர் அவர்.

அவரை நான் தேர்ந்ததற்குக் காரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசுகிற காற்று முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றுவது. ஐந்து கிராம் எடையுள்ள இறகுப்பந்து அதற்கு முன்னால் எம்மாத்திரம்? அதனால்தான் நமக்கு முந்தைய தலைமுறையினர் திறந்தவெளியில் மஞ்சள் கம்பளிப் பந்தைக் கொண்டு ஐவர் ஐவராகப் பூப்பந்து ஆடினார்கள். இப்போது தகரக் கூரை போட்ட உள்ளரங்குகள் வந்துவிட்டன. ஒரு மணி நேர வாடகையை நான்கு பேர் பகிர்ந்துகொள்வதால் காலையிலும் மாலையிலும் அங்கே நடப்பது பெரும்பாலும் இரட்டையர் ஆட்டமே. ஆயினும் பிள்ளையைப் பயிற்சிக்குச் சேர்க்கும்போது, ஒற்றையர் ஆட்டத்தைத்தான் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறோம். ஒற்றையரில் தேறாதவருக்கு ஒதுக்கும் இடமாக இரட்டையரை வைத்திருக்கிறோம். எல்லோரும் ஆடுகிற ஆட்டத்தை யாருமே கற்பதில்லை என்கிற இந்த நிலை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இரட்டையர் ஆட்டம் தனக்கென்று இலக்கணம் கொண்ட ஒரு கலை. கோர்ட்டின் அகலம் ஒற்றையருக்கு 5.18 மீட்டர், இரட்டையருக்கு 6.1 மீட்டர். ஆனால் சர்வீஸ் விழ வேண்டிய பகுதி இரட்டையரில் பின்கோட்டிலிருந்து 76 சென்டிமீட்டர் உள்ளே முடிந்துவிடுகிறது. ஆகவே எதிராளியின் தலைக்கு மேலே உயரத் தூக்கிப் போட்டுத் தப்பித்துக்கொள்ள வழியில்லை; வலையை உரசினாற்போல் தாழ்வாகப் போட்டாக வேண்டும், அதிலும் ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டால் எதிரில் நிற்பவர் பாய்ந்து அடித்துவிடுவார். தாக்கும்போது ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நிற்கிறார்கள். தற்காக்கும்போது இருவரும் பக்கம் பக்கமாகப் பிரிகிறார்கள். இந்த மாற்றம் ஒரே புள்ளிக்குள் பல முறை நடக்கும். முன்னால் நிற்பவருக்குப் பின்னால் நிற்பவரைப் பார்க்க முடியாது. மட்டையில் பந்து படும் ஓசையைக் கொண்டும் பழக்கத்தைக் கொண்டும்தான் அவர் எங்கே இருக்கிறார் என்று அறிய வேண்டும். நம் ஊர் அரங்குகளில், இருவருக்கும் நடுவே பந்து வரும்போது “மக்கா, உனக்கு” என்று ஒருவர் குரல் கொடுப்பார். மற்றவர் அதே நேரத்தில் ஒதுங்கியிருப்பார். பந்து இருவருக்கும் நடுவில் தரையில் விழும். அந்த ஒரு முழ இடம் யாருடையது என்பதை முடிவு செய்யவே ஓர் இணைக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது.

கிரேசியா 1987 ஆகஸ்டு 11 அன்று ஜகார்த்தாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, சுலவேசித் தீவின் வடமுனையில் உள்ள மனாடோவில் தாயின் பராமரிப்பில் வளர்ந்தார். மகளின் ஆட்டத்துக்காகத் தாய் மறுபடியும் அவரைத் தலைநகருக்கு அழைத்து வந்தார். ஜயா ராயா என்னும் புகழ்பெற்ற ஜகார்த்தா கழகத்தில் அவருடைய பயிற்சி தொடர்ந்தது. அந்த நாட்டில் இறகுப்பந்துக்கு உள்ள இடத்தை நாம் இங்கே கிரிக்கெட்டுக்குக் கொடுக்கும் இடத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். 1992 பார்சிலோனாவில் இறகுப்பந்து முதன்முதலாகப் பதக்கப் போட்டியானபோது, மகளிர் ஒற்றையரில் சுசி சுசாந்தியும் ஆடவர் ஒற்றையரில் ஆலன் புடிகுசுமாவும் தங்கம் வென்று அந்நாட்டின் ஒலிம்பிக் தங்கக் கணக்கைத் தொடங்கி வைத்தார்கள். பிறகு ஆடவர் இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலும் தங்கம் வந்தது. மகளிர் இரட்டையர் மட்டும் எஞ்சி நின்றது. கிரேசியா ஆடியது அந்த வெற்றிடத்தில்.

முதலில் ஜோ நோவிதாவோடு ஆடினார். பிறகு மெய்லியானா ஜௌஹரியோடு. மெய்லியானாவோடு அமைந்த இணைதான் 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனது. அங்கே நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம் நாட்டுப் பெண்கள் இருவரின் கதையும் கலந்திருக்கிறது.

லண்டனில்தான் முதன்முறையாக ஒலிம்பிக் இரட்டையர் போட்டியில் குழுச் சுற்று கொண்டுவரப்பட்டது. நான்கு நான்கு இணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடம் பெறுவோர் காலிறுதிக்குச் செல்வர் என்பது ஏற்பாடு. குழுவின் கடைசி ஆட்டத்துக்கு முன்பே தகுதி பெற்றுவிட்ட இணைகளுக்கு, தோற்றால் அடுத்த சுற்றில் எளிய எதிராளி கிடைப்பார் என்ற நிலை உண்டானது. ஜூலை 31 அன்று வெம்பிளி அரங்கில் சீனாவின் முதல்நிலை இணையும் ஒரு கொரிய இணையும் வேண்டுமென்றே சர்வீஸை வலையில் அடித்தன. பந்தை வெளியே அடித்தன. பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். அடுத்து வந்த கிரேசியா, மெய்லியானா இணையும் மற்றொரு கொரிய இணையும் அதையே செய்தன. போட்டி நடுவர் வந்து, தகுதி நீக்கத்துக்கான கறுப்பு அட்டையைக் காட்டி, பிறகு அதைத் திரும்பப் பெற்று ஆட்டத்தைத் தொடரச் செய்தார். மறுநாள் நான்கு இணைகளும் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டன.

போட்டி அமைப்பில் ஓட்டை இருந்தது உண்மை. 2016-இல் குழுவில் இரண்டாம் இடம் பெறுபவர்கள் அடுத்து யாரைச் சந்திப்பார்கள் என்பதைக் குலுக்கல் முறைக்கு மாற்றி அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஆனால் அமைப்பின் குறை ஆடியவரின் குற்றத்தைக் கழுவிவிடாது என்பதே என் கருத்து. காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர்கள் முன்னால், நாட்டின் சின்னத்தை மார்பில் அணிந்து, தோற்பதற்காக ஆடியது தவறு. கிரேசியாவை மதிப்பதற்காக அந்த நாளை மறைக்க வேண்டியதில்லை.

அதே போட்டியில் நம் ஜுவாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் இருந்தார்கள். முந்தைய ஆண்டு அதே லண்டனில் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம் வென்றவர்கள் அவர்கள். அதற்கும் முன்னால், 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றவர்கள். குழுச் சுற்றில் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றும், மூன்று இணைகள் சமநிலைக்கு வந்ததால் புள்ளிக் கணக்கில் மயிரிழையில் வெளியேறினார்கள். தங்கள் குழுவில் ஜப்பானும் சீன தைபேயும் மோதிய கடைசி ஆட்டத்தைப் பற்றி இந்தியத் தரப்பு விசாரணை கோரியது, கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஜுவாலா அந்த ஒலிம்பிக்கில் திஜுவோடு கலப்பு இரட்டையரிலும் ஆடினார். இந்தியாவில் இரட்டையருக்கும் தனிப் பயிற்சியாளரும் போதிய போட்டி வாய்ப்பும் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் அவர் வாதாடியதை அன்று பலர் குறை சொன்னார்கள். அவர் கேட்டது நியாயம் என்பதைப் பின்னால் வந்தவர்களின் வெற்றி காட்டியிருக்கிறது.

கிரேசியாவிடம் திரும்புகிறேன். லண்டனுக்குப் பிறகு நித்யா கிரிஷிந்தா மகேஸ்வரி அவருக்கு இணையானார். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இருவரும் தங்கம் வென்றார்கள். மகளிர் இரட்டையரில் இந்தோனேசியாவுக்கு 36 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம் அது. 2015-இல் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம் வந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் காலிறுதியோடு பயணம் முடிந்தது. பிறகு காயம் நித்யாவை நெடுநாள் களத்திலிருந்து விலக்கி வைத்தது.

ஒற்றையர் வீரருக்குக் காயம் பட்டால் அவர் ஓய்வெடுத்துத் திரும்பி வரலாம். இரட்டையர் வீரருக்கோ, தன் உடலில் ஒரு கீறலும் இல்லாதபோதே தொழில் நின்றுபோகும். தரவரிசைப் புள்ளிகள் இணைக்கு உரியவை. இணை கலைந்தால் அவையும் பயனற்றுப் போகும், மீண்டும் கீழிருந்து ஏற வேண்டும். முப்பதை நெருங்கிய கிரேசியா ஓய்வு பெறுவதென்று நினைத்ததில் வியப்பில்லை. அவருடைய பயிற்சியாளர் எங் ஹியான், தாமே 2004 ஏதென்ஸில் ஆடவர் இரட்டையர் வெண்கலம் வென்றவர். இளையவர்களைத் தூக்கிவிடுவதற்காகவாவது இன்னும் சிறிது காலம் இரு என்று கிரேசியாவை அவர் கேட்டுக்கொண்டார்.

அப்படி வந்தவர்தான் அப்ரியானி ராஹாயு. தென்கிழக்குச் சுலவேசியைச் சேர்ந்தவர், 1998-இல் பிறந்தவர், கிரேசியாவைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். 2017-இல் இணைந்த இருவரும் அந்த ஆண்டே பிரெஞ்சு ஓப்பனை வென்றார்கள். 2018-இலும் 2019-இலும் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம் பெற்றார்கள். இளையவரின் கால் வேகமும் ஸ்மாஷும் பின்பகுதியில் பயன்பட, மூத்தவரின் கண்ணும் கையும் முன்பகுதியையும் தற்காப்பையும் பார்த்துக்கொண்டன. 2020 டிசம்பரில் கிரேசியாவுக்குத் திருமணம் நடந்தது. அதே நாட்களில் சகோதரரைப் பறிகொடுத்தார். அடுத்த மாதமே பாங்காக்கில் தாய்லாந்து ஓப்பனை இருவரும் வென்றார்கள். அந்த வாரங்களை எப்படிக் கடந்தாரோ, அதை விளக்க என்னால் ஆகாது.

பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்த இணை, முன்னணி இணைகளுக்குத் தரும் தரநிலை ஒதுக்கீடு இல்லாமலே சென்றது. குழுச் சுற்றில் ஜப்பானின் முதல்நிலை இணையான புகுஷிமா, ஹிரோதாவை மூன்று கேம்களில் வீழ்த்தியது. காலிறுதியில் ஒரு சீன இணை. அரையிறுதியில் ஒரு கொரிய இணை. 2021 ஆகஸ்டு 2 அன்று இறுதிப் போட்டியில் சீனாவின் சென் சிங்சென், ஜியா யிஃபான் இணையை 21-19, 21-15 என்ற கணக்கில் நேர் கேம்களில் வென்றார்கள். கிரேசியாவுக்கு அப்போது 34 வயது நிறைய ஒன்பது நாட்களே இருந்தன.

அந்த இறுதிப் போட்டியில் ஒரு புள்ளியை மாணவர்கள் தேடிப் பார்க்க வேண்டும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிரேசியாவின் ராக்கெட் நரம்பு அறுந்துவிடுகிறது. நரம்பு அறுந்ததற்காகப் புள்ளி நிற்காது, விதி அப்படி. அவர் கோர்ட்டை விட்டு ஓடி, ஓரத்தில் இருந்த பையிலிருந்து வேறு ராக்கெட்டை உருவிக்கொண்டு ஓடி வருகிறார். அந்தச் சில நொடிகள் 6.1 மீட்டர் அகலத்தையும் அப்ரியானி தனி ஒருவராகக் காக்கிறார். திரும்பிப் பார்க்கவில்லை, என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, காலியான பக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார். நான்கு ஆண்டுகளில் அந்த இருவரும் கற்றது என்ன என்று என்னைக் கேட்டால், பதக்க மேடையைக் காட்ட மாட்டேன். அந்தப் புள்ளியைக் காட்டுவேன்.

அந்தத் தங்கத்தோடு, இறகுப்பந்தின் ஐந்து பிரிவுகளிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற நாடாகச் சீனாவுக்கு அடுத்து இந்தோனேசியா ஆனது. 2022 ஜூன் மாதம், ஜகார்த்தாவில் நடந்த இந்தோனேசியா மாஸ்டர்ஸ் போட்டியின்போது, தன் நாட்டு ரசிகர்கள் முன்னிலையில் அவர் விடைபெற்றார்.

இதே பாடத்தை இந்தியாவிலும் பார்க்கலாம். ஆந்திரத்தின் அமலாபுரத்துச் சாத்விக்கும் மும்பையின் சிராக் ஷெட்டியும் இருவருமே பின்பகுதியில் நின்று அடிப்பவர்கள். அவர்களைச் சேர்த்து வைத்தவர் மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர். டோக்கியோவில் மூன்றில் இரண்டு ஆட்டங்களை வென்றும், அதில் ஒன்றைப் பின்னர் தங்கம் வென்ற இணைக்கு எதிராகவே வென்றும், கேம் கணக்கில் வெளியேறினார்கள். கலைந்துவிடாமல் சேர்ந்தே நின்றார்கள். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று உலகின் முதலிடத்தையும் அடைந்தார்கள். நமக்கு அண்டையில், கண்ணூர் மாவட்டத்துச் செறுபுழாவில் தந்தையிடம் ஆடக் கற்ற திரீசா ஜாலி, காயத்ரி கோபிசந்தோடு இணைந்து ஆல் இங்கிலாந்து அரையிறுதி வரை இரண்டு முறை சென்றிருக்கிறார்.

பயிற்சியாளர்களிடமும் பெற்றோரிடமும் இந்த மேடையிலிருந்து ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். நம் போட்டிகளில் இரட்டையர் இணைகள் பெரும்பாலும் பெயர் கொடுக்கும் கடைசி நாளில்தான் உருவாகின்றன. ஒற்றையரில் தோற்ற இருவரைச் சேர்த்து அனுப்பிவிடுகிறோம். பரிசளிப்போடு அந்த இணையும் கலைந்துவிடுகிறது. மாணவியர் பிரிவில் இது இன்னும் மோசம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே இணைகளை அமைத்து, கல்வியாண்டு முழுவதும் கலைக்காமல் வைத்து, வாரத்தில் இரண்டு நாள் சர்வீஸுக்கும் அதை எடுப்பதற்கும் மட்டும் ஒதுக்குங்கள். தோற்றாலும் அடுத்த போட்டிக்கும் அந்த இருவரையே அனுப்புங்கள். அடுத்த ஆண்டுப் போட்டியில் மாணவியர் இரட்டையர் இறுதி ஆட்டத்தை, அரங்கு நிறைந்திருக்கும் மாலை நேரத்தில் வைக்கும்படி அமைப்பாளர்களையும் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.