படகுக்கு எந்த இன்சூரன்ஸ்? மூழ்கிப்போன ஒரு படகை வச்சுப் பாப்போம்

(திரையில்: விடியற்காலை. துறையில கட்டின கயிறு விறைப்பா தண்ணிக்குள்ள எறங்குது. படகைக் காணோம்.)

வணக்கம். ராத்திரி நல்லா இழுத்துக் கட்டிட்டுப் போன படகு, காலைல வந்து பாத்தா தண்ணிக்கு அடியில கெடக்கு. புயலும் அடிக்கல, எதுவும் வந்து மோதவும் இல்ல. தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கற ஒரு ரப்பர் ஹோஸ் நைஞ்சு போய் கழண்டுக்கிச்சு, படகு அடில சேர்ற தண்ணிய வெளியேத்தற பில்ஜ் பம்ப் பேட்டரி இருக்கற வரைக்கும் எறைச்சுது, பேட்டரி தீந்ததும் பம்ப் நின்னு போச்சு, அவ்ளோதான் கதை. சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கற படகுங்கள்ல, ஓடும்போது மூழ்கறத விட இப்படி கட்டிக்கெடக்கும்போது மூழ்கறதுதான் அதிகம்னு தெரிஞ்சா நிறைய பேர் நம்பவே மாட்டாங்க.

இந்த ஒரு படகை வச்சுதான் இன்னிக்கு முழுசா பேசப்போறேன். பாலிசி எடுக்க உக்காந்தா எல்லாரும் மொதல்ல கேக்கறது ப்ரீமியம் எவ்ளோ, அடுத்து படகு போனா எவ்ளோ குடுப்பாங்க. கேக்க வேண்டிய கேள்விங்கதான். ஆனா படகு மூழ்கின அன்னைக்கு ஒருத்தர உண்மையிலேயே சாய்க்கற செலவு, அந்தப் படகு மத்தவங்களுக்கு இழுத்துவிட்ட செலவுதான். அத கடைசி பக்கத்துல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, யாரும் அதுவரைக்கும் படிக்கறதில்ல, எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம் உண்டு.

சரி, மொத விஷயம், ஏன் மூழ்குச்சு. பாலிசில ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணு நேம்டு பெரில்ஸ், அதாவது தீ, திருட்டு, மோதல், புயல்னு பேர் சொல்லி எழுதின ஆபத்துக்கு மட்டும் பணம். இன்னொண்ணு ஆல் ரிஸ்க், வேணாம்னு ஒதுக்கி எழுதினத தவிர மத்த எல்லாத்துக்கும் பணம். நம்ம படகு நேம்டு பெரில்ஸ் பாலிசில இருந்துச்சுன்னா, "ஹோஸ் கழண்டது" அந்த லிஸ்ட்டுல எங்க இருக்குன்னு நீங்கதான் தேடிக் காட்டணும். ஆல் ரிஸ்க்ல நெலம மாறுது, இது ஒதுக்கி வச்சதுல வருதுன்னு கம்பெனிதான் காட்டணும். ஆனா பேர பாத்து ஏமாறாதீங்க, ஆல் ரிஸ்க்னா எல்லாம்னு அர்த்தம் கெடையாது. தேய்மானம், துரு, மெல்ல மெல்ல அரிக்கறது, எலி கடிச்சது, பராமரிக்காம விட்டது, இதெல்லாம் எந்த பாலிசிலயும் வெளிலதான் நிக்கும்.

அப்ப நைஞ்சு போன ஹோஸ் தேய்மானம்தானே, படகே போச்சா? இங்கதான் ஒரு வரிய தேடிப் பாக்கணும். நல்ல பாலிசி என்ன சொல்லும்னா, தேஞ்சு போன அந்த பாகத்துக்கு பணம் இல்ல, ஆனா அது போனதால அடுத்து வந்த நஷ்டத்துக்கு பணம் உண்டுன்னு சொல்லும். அதாவது ஹோஸ் உங்க செலவு, மூழ்கின இன்ஜினும் ஒயரிங்கும் அவங்க செலவு. மட்டமான பாலிசில தேய்மானத்தால வந்த எதுக்குமே பணம் இல்லனு ஒரே வரில முடிச்சிருப்பாங்க. ரெண்டு பாலிசிக்கும் ப்ரீமியம்ல பெரிய வித்தியாசம் இல்லாம கூட இருக்கலாம், க்ளெய்ம் வர்ற அன்னைக்கு மொத்த படகு அளவுக்கு வித்தியாசம்.

இந்த சண்டை புதுசும் இல்ல. இன்ச்மேரினு ஒரு கப்பல், அதோட பாய்லருக்கு தண்ணி ஏத்தற பம்ப்ல தெறந்திருக்க வேண்டிய வால்வு மூடிக் கெடந்து பம்ப் வெடிச்சுப் போச்சு. இது கடலால வந்த ஆபத்தே இல்ல, கரையில இருந்தாலும் நடந்திருக்கும்னு சொல்லி 1887ல, அப்ப அங்க உச்ச நீதிமன்றமா இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை பணம் இல்லனு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம்தான் பணியாளோட கவனக்குறைவு, வெளில தெரியாத உள் குறை, இதுனால வர்ற சேதத்துக்கும் பணம் உண்டுன்னு தனியா ஒரு பிரிவு சேத்தாங்க, இன்னைக்கும் அதுக்கு இன்ச்மேரி க்ளாஸ், அதாவது இன்ச்மேரி பிரிவுன்னுதான் பேரு. உங்க பாலிசில உள் குறை, கவனக்குறைவு ரெண்டும் இருக்கான்னு கேளுங்க.

(திரையில்: ஒரே படகு, ரெண்டு மதிப்பு. ஒண்ணு 100, இன்னொண்ணு 55)

அடுத்தது எவ்ளோ குடுப்பாங்க. படகு முழுசா போச்சுன்னு வச்சுக்கோங்க. அக்ரீட் வேல்யூ பாலிசில, எடுக்கும்போதே ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட தொகை 100ன்னா 100 வரும். ஆக்சுவல் கேஷ் வேல்யூல, மூழ்கின அன்னைக்கு சந்தைல அந்தப் படகு என்ன போகுமோ அதான், எட்டு வருஷப் படகுன்னா அது 55ஆ இருக்கலாம். ரெண்டாவதுக்கு ப்ரீமியம் கம்மி. பழைய படகு, கடன் எதுவும் இல்ல, போனாலும் தாங்கிக்கலாம்னா அத எடுக்கறதுல தப்பு இல்ல. ஆனா லோன்ல வாங்கின படகுன்னா தயவுசெஞ்சு அக்ரீட் வேல்யூ எடுங்க, இல்லாத படகுக்கு தவணை கட்டற நெலம ரொம்ப கொடுமை. இன்னொண்ணு, அக்ரீட் வேல்யூ எடுத்திருந்தாலும் பாதி சேதம்னு வரும்போது பாய், பேட்டரி, மேல்கூரைத் துணி, அவுட்போர்டு (படகுக்கு வெளில மாட்டற இன்ஜின்) மாதிரி சாமானுக்கு வயச பாத்து கழிச்சுக்குவாங்க, அந்த லிஸ்ட்ட முன்னாடியே வாங்கிப் பாத்துடுங்க.

டிடக்டிபிள், அதாவது உங்க கையிலேருந்து போற பங்கு, படகுல பெரும்பாலும் மதிப்போட சதவீதமா இருக்கும். 100 மதிப்புக்கு 2 சதவீதம்னா 2 உங்களுது, சேதமே 2க்குள்ளனா ஒண்ணும் வராது. பேர் வச்ச புயலுக்கு மட்டும் இந்த சதவீதத்த தனியா கூட்டி எழுதியிருப்பாங்க, புயல் வர்ற பக்கம் படகு வச்சிருக்கறவங்க இந்த வரிய விடாதீங்க.

இப்ப நான் ஆரம்பத்துல சொன்ன அந்த கடைசி பக்கம்.

படகு அடில கெடக்கு. டேங்க்ல இருந்த டீசல் கசிஞ்சு தண்ணி மேல பரவுது. மூழ்கும்போது ஒரு பக்கமா சாஞ்சு பக்கத்து படகோட பக்கவாட்ட கிழிச்சிடுச்சு, துறையோட பலகையும் ஒடஞ்சிருக்கு. துறைய நடத்தறவங்க போன் போட்டு, இத சீக்கிரம் எடுங்க, மத்த படகு வர வழி இல்லன்றாங்க. இதுல ஒண்ணு கூட உங்க படகோட விலை கெடையாது, எல்லாமே லயபிலிட்டி, அதாவது உங்க படகால மத்தவங்களுக்கு ஆன நஷ்டத்துக்கு நீங்க ஏத்துக்க வேண்டிய பொறுப்பு. மூழ்கின படக தூக்கறதுக்கு டைவர் வேணும், காத்துப் பை வேணும், க்ரேன் வேணும், சின்ன பழைய படகுன்னா தூக்கற செலவு படகோட விலைய தாண்டிடும். அதனாலதான், பழைய படகுக்கு எதுக்கு இன்சூரன்ஸ்னு கேக்கறவங்ககிட்ட நான் மன்றாடிச் சொல்றேன், படகுக்கு எடுக்கலன்னாலும் பரவால்ல, லயபிலிட்டி மட்டுமாவது எடுங்க, அத தனியா தர்ற கம்பெனிங்க இருக்கு.

எடுக்கும்போது மூணு கேள்வி. சிதைஞ்ச படகை அப்புறப்படுத்தற செலவு, லயபிலிட்டி தொகைக்குள்ள வருதா, இல்ல படகு மதிப்புல இத்தனை சதவீதம்தான்னு கட்டி வச்சிருக்கா? சதவீதம்னா பழைய படகுக்காரருக்கு அது பத்தவே பத்தாது. ரெண்டாவது, எண்ணெய் கசிவுக்கு தனி தொகை இருக்கா? மூணாவது, படக தூக்கறதுக்கு ஆன செலவ படகுக்கு குடுக்கற தொகைலேருந்து கழிப்பாங்களா? கழிப்பாங்கன்னா, தூக்க 40 ஆச்சுன்னு வைங்க, 100க்கு எடுத்தும் உங்க கைக்கு வர்றது 60ஆ போயிடும். லயபிலிட்டி தொகையவும் படகு விலைய வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரு சின்ன படகோட ப்ரொப்பெல்லர் நீந்திட்டிருக்கற ஒருத்தர் மேல பட்டா என்ன ஆகும்னு நெனச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க.

ஒரு சின்ன கெளைக்கதை. படகு முழுசா மூழ்கல, பாதி தண்ணியோட தத்தளிக்குதுன்னு வைங்க, ஒருத்தர் வந்து இழுத்துக் காப்பாத்தறார். இன்ஜின் நின்னு போன படக சும்மா இழுத்துட்டு வர்றது டோயிங், நேரத்துக்கு இவ்ளோன்னு கூலி. ஆபத்துல இருக்கறத காப்பாத்தினா அது சால்வேஜ், அதுக்கு கூலி கணக்கே வேற, காப்பாத்தின சொத்தோட மதிப்பையும் ஆபத்தோட அளவையும் பாத்து சன்மானம் முடிவாகும், காப்பாத்தலன்னா ஒண்ணும் இல்ல. 1908லேருந்து புழக்கத்துல இருக்கற லாயிட்ஸ் ஓப்பன் ஃபார்ம்ங்கற ஒப்பந்தத்துக்கு அடிப்படையே இதான். அதனால அவர் வீசற கயிற பிடிக்கறதுக்கு முன்னாடி, இது டோயிங்கா சால்வேஜான்னு வாய்விட்டுக் கேட்டுடுங்க. சால்வேஜ் பெரும்பாலும் படகு பாலிசிலயே வரும், டோயிங் தனியா சேக்கணும், கூடுதல் காசு ரொம்ப ஆகாது.

எல்லாம் சரியா எடுத்தும் க்ளெய்ம் விழறது நிபந்தனைல. எங்க ஓட்டலாம்னு எல்லை போட்டிருப்பாங்க, எந்த மாசம் படகு கரைல இருக்கணும்னு எழுதியிருப்பாங்க, யார் ஓட்டலாம், வாடகைக்கு விடலாமா, ரேஸ்ல கலந்துக்கலாமா, அவுட்போர்டுக்கு பூட்டு போட்டிருந்தீங்களா, இப்படி. காசு வாங்கிட்டு ஒரே ஒரு தடவ ஆளுங்கள ஏத்திட்டுப் போனாலும் அது தொழில் உபயோகம். 1906ல வந்த பிரிட்டிஷ் கடல் காப்பீட்டுச் சட்டத்துல இது இன்னும் கடுமை, இப்படித்தான் நடந்துக்குவேன்னு நீங்க குடுத்த உத்தரவாதத்த மீறிட்டா, அந்த மீறலுக்கும் நஷ்டத்துக்கும் சம்பந்தமே இல்லன்னாலும் கம்பெனி கைய விரிக்கலாம். பிரிட்டன் 2015ல சட்டம் போட்டு இத தளர்த்திடுச்சு, இந்தியாவோட 1963 சட்டம் அந்த பழைய வழியத்தான் எடுத்துக்கிச்சு. உங்க பாலிசி எந்த நாட்டு சட்டத்துக்குக் கீழன்னு அதுலயே எழுதியிருக்கும். விண்ணப்பத்துல எதையும் மறைக்காதீங்க, முன்னாடி ஆன விபத்து, மாத்தின பெரிய இன்ஜின், எல்லாத்தையும் சொல்லிடுங்க, ப்ரீமியம் கொஞ்சம் கூடினா கூடட்டும்.

(திரையில்: படகை மேல தூக்கறாங்க, இன்ஜின்லேருந்து தண்ணி வடியுது)

கடைசியா அந்த காலைக்கு வருவோம். படகு மூழ்கிடுச்சுன்னு தெரிஞ்ச உடனே கம்பெனிக்கு போன் போடுங்க, போட்டோ எடுங்க, ஆனா சேதத்த மதிப்பிட வர்ற சர்வேயர் வரட்டும்னு கைய கட்டிட்டு நிக்காதீங்க. நஷ்டம் கூடாம பாத்துக்கறது உங்க கடமைன்னு பாலிசில இருக்கும், அதுக்கு நியாயமா ஆகற செலவையும் அவங்க தருவாங்க. உப்புத் தண்ணி குடிச்ச இன்ஜின மேல தூக்கின உடனே நல்ல தண்ணில அலசி எண்ணெய் மாத்தி ஓட்டிப் பாத்தா பல சமயம் பொழைச்சுக்கும், ரெண்டு நாள் காத்துல விட்டா துரு ஏறி குப்பைக்குத்தான் போகும், அப்புறம் உங்க அலட்சியம்னு எழுதிடுவாங்க. எல்லா ரசீதையும் வச்சுக்கோங்க. அந்த பிஞ்சுபோன ஹோஸையும் அத இறுக்கிப் பிடிச்சிருந்த க்ளாம்ப்பையும் தூக்கிப் போட்டுடாதீங்க, ஒரு கவர்ல போட்டு தேதி எழுதி வைங்க. சர்வேயர் வந்ததும் மொதல்ல கேக்கப்போறது அததான்.